கைக்கு எளிதாக வந்த ஈக்கள்

மதினி,

சமையலறை ஜன்னல் சீலையை இரண்டு தரம் தோய்த்துக் காயப்போட்டுவிட்டேன். அந்த வாசனை போகமாட்டேன் என்கிறது. கொசுப்புகை வாசனை. டீசலும் கசப்பும் சேர்ந்து முதலில் மூக்கில் ஏறி, பிறகு தொண்டையில் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்ளுமே, அதேதான். வியாழக்கிழமை காலையில் அடித்தார்கள். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் நம் அறுபத்திரண்டு படிகளையும் ஏறி வந்தார்கள். அந்த இரைச்சல் எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன், உங்களை அடக்கம் செய்த மறுநாள் கேட்ட இரைச்சல் அது.

நேரே போய் சமையலறைக் கதவைச் சாத்தினேன். சாத்தியதோடு நிற்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பூச்சி வளர்த்த யோகட் கப்புகளுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் தம்பி எட்டிப் பார்த்து, "செத்துப்போனவங்களுக்கு யாராச்சும் லெட்டர் எழுதுவாங்களா?" என்று கேட்டார். "உங்க அக்காவோட போட்ட சண்டை இன்னும் முடியல, அதான்" என்றேன். அவர் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம் இருவருக்கும் நடுவில் புகுந்தால் தனக்குத்தான் அடி விழும் என்று பதினைந்து வருஷத்தில் கற்றுக்கொண்ட மனிதர்.

பதினைந்து வருஷம். உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு, கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் மேட்டில் இருக்கிற இந்த வாடகை வீட்டுக்கு நான் வந்த முதல் கிழமையே நமக்குச் சண்டை. சமையலறை ஜன்னல் தட்டில் ஒரு போத்தல். அதற்குள் கறுத்து அழுகிய வாழைப்பழம். அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பழ ஈ. புது மருமகளல்லவா, துப்புரவைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பன்விலையில் தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பூச்செடி நர்சரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள் அப்போது. மாலையில் மண் அப்பிய கையோடு வந்து ஜன்னலைப் பார்த்தீர்கள்.

"ஏ புள்ள, இங்க இருந்த ஈ எங்க?"

ஈயைக் காணவில்லை என்று தேடிய ஒரு மனுஷியை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். "கழுவிட்டேன்" என்றேன். "அப்ப ராவைக்கு என் புள்ளைகளுக்கு நீ சோறு பெசஞ்சு ஊட்டு" என்று சொல்லிவிட்டு நீங்கள் முகம் கழுவப் போனீர்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் பிள்ளைகள் கும்பிடுபூச்சிக் குஞ்சுகள். நர்சரியில் கவாத்து வெட்டி எறிந்த கிளையில் முட்டைக்கூடு ஒட்டியிருப்பதைக் கண்டு நீங்கள் பையில் போட்டுக்கொண்டு வந்தவை. கறுத்துக் காய்ந்த நுரை போல ஒரு கட்டி. அதற்குள் உயிர் இருக்கிறது என்று யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொரு கட்டியைக் குச்சியோடு கொண்டுவந்து, கதகதப்பாக இருக்கட்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அலுமாரித் தட்டில் வைத்தீர்கள். ஒரு மழை நாள் பகலில் கோயிலுக்குப் போவதற்காக அலுமாரியைத் திறந்தேன். என் கல்யாணப் புடவை முழுக்கக் கால் முளைத்து நடந்துகொண்டிருந்தது. நூறுக்குக் குறையாது. நான் போட்ட கூச்சலில் மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மா இறங்கி ஓடி வந்துவிட்டார்.

நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. கோழியிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துக் கப்பில் விட்டீர்கள். இரண்டு மணி நேரம். எனக்குக் கை சும்மா இருக்குமா, ஒரு கட்டத்தில் நானே டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். எறும்பளவுகூட இல்லை. என் விரல் நிழல் பட்டதும் ஓடவில்லை. திரும்பி நின்று இரண்டு கையையும் தூக்கியது.

"பாருங்களேன், கும்பிடுது" என்றேன், கோபமெல்லாம் மறந்து.

"அது கும்பிடல புள்ள. அடிக்கத்தான் கையத் தூக்கி வச்சிருக்கு. நம்மாளுகளுக்குக் கைய ரெண்டையும் சேத்துப் பாத்தா கும்பிடுற மாதிரித்தான் தெரியும். அப்புடியே பழகிட்டோம்."

தோட்டத்தில் யார் யார் முன்னாலோ கும்பிட்டு நின்ற பரம்பரை நாம். அதை நீங்கள் ஒரு பூச்சியைக் காட்டிச் சொன்ன விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. சொல்லவில்லை, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த மூன்று பேரை நீங்கள் வாசலோடு திருப்பி அனுப்பிய கதையை உங்கள் தம்பி சொன்னபோதும் உள்ளுக்குள் சிரித்தேன். அதையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு பின்னேரங்களில் நாம் இருவரும் பழைய வலைத்துணியில் தைத்த பூச்சிவலையோடு மேட்டுப் புல்லில் இறங்கியதை இந்தப் பாதையில் உள்ள எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "சிரிக்கிறவன் வந்து ஈ புடிச்சுத் தரப்போறானா?" என்பீர்கள். குஞ்சுக்குப் பழ ஈயும் செடிப்பேனும். கொஞ்சம் வளர்ந்தால் சின்னத் தத்துப்பூச்சி. அதற்கும் மேலே போனால் வீட்டு ஈ, அந்துப்பூச்சி. எறும்பு கூடவே கூடாது, அது திருப்பிக் கடிக்கும். குஞ்சின் உடம்பில் பாதிக்கு மேல் இருக்கிற எதையும் போடக்கூடாது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சாப்பாட்டைத் தொடாமல் இருந்தால் சட்டை கழற்றப்போகிறது, தொல்லை பண்ணாமல் ஈயை வெளியே எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் பிழையாகச் செய்யும்போது திட்டினீர்கள். திட்டிலிருந்து நானாகப் பொறுக்கிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் திட்டாமல் சொன்னீர்கள். மரக்கறிப் பாத்தி ஓரத்தில் ஒரு தத்துப்பூச்சி இலையிலேயே சாய்ந்து கிடந்தது. வலையே தேவைப்படவில்லை. விரலால் எடுத்துவிட்டேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"சும்மா கைக்கு வர்ற பூச்சிய ஒருநாளும் போடாத. ஓடுறதத்தான் புடிக்கணும். ஓட மாட்டாம கெடக்குதுன்னா அதுக்குள்ள மருந்து இருக்கு."

பன்விலையில் நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மலையில் மருந்து அடித்த மறுநாள் தத்துப்பூச்சிகள் பாதையில் மயங்கிக் கிடந்தனவாம். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மடி நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து கோழிக்குப் போட்டீர்களாம். உங்கள் அம்மாவின் கோழி ஏழும் பின்னேரத்துக்குள் காலை நீட்டிவிட்டன. "எனக்கு அன்னைக்கு விழுந்த அடி இன்னும் வலிக்குது" என்று முதுகைத் தடவிக் காட்டினீர்கள். நான் சிரித்தேன்.

சிரித்தேன், மதினி. கேட்டுக்கொண்டு சிரித்தேன்.

இனி உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு வருகிறேன். போன ஆனி மாதத்து மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு குளிசையைப் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனீர்கள். மறுநாளும் போனீர்கள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். "ரத்தம் பாத்துருவோம், வாங்க" என்று நான் மூன்று நாள் மன்றாடினேன். "மழைக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில போய் வரிசையில நிக்கச் சொல்றியா?" என்றீர்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. பார்த்தாயா, சரியாகிவிட்டது என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். டெங்கில் காய்ச்சல் இறங்குவதுதான் ஆபத்து என்று நமக்கு யார் சொன்னார்கள்? சும்மா கைக்கு வந்த சுகத்தை நம்பினீர்கள். மற்றவர்களுக்கு மட்டும்தானா உங்கள் சட்டம்?

பின்னேரம் உங்களை ஆட்டோவில் ஏற்றும்போது உங்களால் நிற்க முடியவில்லை. அப்போதும் என் கையைப் பிடித்து, "குட்டிகளுக்கு மறக்காமப் போடு புள்ள. பதினாலு இருக்கு, எண்ணிப் பாத்துக்க" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. ஏழாம் நாள் உங்களை வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்கள்.

இழவு வீட்டில் கூட்டம். பன்விலையிலிருந்து உங்கள் சின்னம்மா வந்திருந்தார். சமையலறையில் கப்புகளைப் பார்த்துவிட்டு, "பொம்பள ஒண்டிக்கட்டையா நின்னா இப்புடித்தான், பூச்சி புழுவக் கொஞ்சிக்கிட்டுக் கெடக்கும். தூக்கி வெளிய போடுங்க" என்றார். மாடி வீட்டுக்காரம்மா அதற்கு மேலே போனார். "பூச்சி வளக்குற வீட்டுல டெங்கு வராம என்ன வரும்? தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு வச்சுக்கிட்டு" என்று, உங்கள் உடம்பு வீட்டை விட்டுப் போவதற்கு முன்னாலேயே சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல்.

மறுநாள் புகை வந்தது. டெங்கில் ஆள் செத்த வீடு, அடிக்கத்தான் வேண்டும். இரைச்சல் கேட்டதும் பதினான்கு கப்பையும் தட்டில் அடுக்கி, அலுமாரிக்குள் வைத்து, கதவிடுக்கில் என் புடவையைத் திணித்தேன். வீடு முழுக்க வெள்ளையாகிப் போய், அரை மணி நேரத்தில் அடங்கியது. திறந்து பார்த்தேன். பதினான்கும் கம்பீரமாக நின்றன. காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். இழவு வீட்டில் அலுமாரிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் அவற்றுக்குப் பசி. வலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பின்னால் உறவுக்காரர்கள் குசுகுசுத்தது கேட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். செவ்வரத்தைச் செடிக்குக் கீழே, ஜன்னல் விளிம்பில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் எங்கே பார்த்தாலும் சின்ன ஈ. அன்றைக்கு ஒன்றுகூட ஓடவில்லை. வலையை வீசவே இல்லை. விரலை நீட்டினேன், கையில் ஏறின. ஒரு போத்தல் நிறையப் பத்து நிமிடத்தில் சேர்ந்துவிட்டது.

நீங்கள்தான் அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன், மதினி.

உங்கள் பிள்ளைகள் பசியோடு இருக்கக்கூடாது என்று நீங்கள் எங்கோ நின்று எனக்கு ஈயைக் கையில் தருகிறீர்கள் என்று நினைத்தேன். அந்தச் செடிக்குக் கீழேயே உட்கார்ந்து, நீங்கள் போனதிலிருந்து வராத அழுகையை அழுதேன். பிறகு உள்ளே வந்து, ஒரு கப்புக்கு மூன்று என்று எண்ணி எண்ணிப் போட்டேன். புகையிலிருந்து காப்பாற்றியவள், அந்தப் புகையையே எடுத்து ஊட்டினேன்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் முதலாவது கால் இழுத்தது. தூக்கிய கை கீழே இறங்கவில்லை, நடுங்கிக்கொண்டே இருந்தது. கோழிக் கதை அப்போதுதான் ஞாபகம் வந்தது. மீதி ஈக்களை வெளியே எடுக்க ஓடினேன். திறந்த கப்பிலெல்லாம் தின்று முடித்திருந்தன. மாலைக்குள் பதின்மூன்று.

உங்கள் தம்பி என் தோளில் கை வைத்து, "விடு, அக்காவோடயே போயிருச்சுக" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். கையைத் தள்ளிவிட்டேன். "அக்காவோட போகல. நான் கொன்னுட்டேன். செத்தவங்க மேல பாரத்தைப் போட்டு என்னைத் தப்பிக்க வைக்காதீங்க" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். துக்கத்தில் செய்த பிழை என்று யார் தட்டிக்கொடுத்தாலும் வேண்டாம். நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நான் கேட்டிருந்தேன்.

பதினான்காவது கப்பைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. காலையில் திறந்தேன். மூன்று ஈயும் அடியில் செத்துக் கிடந்தன, ஒன்றும் தொடப்படவில்லை. மூடியின் வலைத்துணியில் வெள்ளையாக ஒரு சட்டை தொங்கியது. அதற்குப் பக்கத்தில் புத்தம்புதிதாக, இளம்பச்சையாக, அது நின்றுகொண்டிருந்தது. சட்டை கழற்றுகிற நேரமாக இருந்தபடியால் நான் போட்டதை அது வாங்கவில்லை. மாட்டேன் என்று இருந்தது ஒன்றுதான், பிழைத்தது அது ஒன்றுதான்.

அன்றைக்குத்தான் எனக்குத் தொண்டை திறந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் சின்னம்மாவிடம் போனேன். "எங்க மதினி கொஞ்சினது பூச்சியத்தான். நீங்க இத்தன வருஷத்துல அவங்கள ஒருநாளாச்சும் கொஞ்சினீங்களா?" என்றேன். கருமாதி வரை அவர் என்னோடு பேசவில்லை. பிறகு வீட்டுக்காரம்மா. பூச்சியை வெளியேற்று, இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு என்று வந்து நின்றார். நான் காலி பண்ணவில்லை, வாக்குவாதமும் பண்ணவில்லை. அடுத்த கிழமை கொசுப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி மாத்தயாவை உங்கள் கப்புகளுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். ஈரப்பஞ்சு, சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான் இருந்தது. பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இப்ப ஏணி வச்சு மேல ஏறுங்க" என்றேன். மாடிக் கூரையின் மழைத்தண்ணீர்ப் பீலியில் இலை அடைத்து, ஒரு சாண் தண்ணீர். மாத்தயா வெள்ளைக் கரண்டியில் மொண்டு எடுத்துக் கீழே கொண்டுவந்து காட்டினார். கரண்டிக்குள் புழு நெளிந்தது.

வீட்டுக்காரம்மா கரண்டியைப் பார்த்தார். அழுதார். அந்தப் பீலியை அள்ளச் சொல்லி நீங்கள் இரண்டு தரம் கேட்டிருந்தீர்கள் என்பது அவருக்கும் ஞாபகம் இருந்தது. நான் அவரைத் திட்டவில்லை. பதின்மூன்றைக் கொன்றவள் யாரைத் திட்டுவது? ஆனால் பழியை வாயில்லாப் பூச்சியின் தலையில் கட்டவிடவில்லை. இப்போது மாதத்துக்கு இரண்டு தரம் பீலியை நானே அள்ளுகிறேன். ஏணியை அவர் பிடித்துக்கொள்கிறார்.

அந்த ஒற்றைக் குஞ்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. பெண். உங்களைப் போலவே முழங்கை கூர். முதல் ஒரு மாதம் நான் கொல்லையில் ஒரு பூச்சிகூடப் பிடிக்கவில்லை. சந்தையில் நீங்கள் கனிந்த கதலி கேட்டு வம்பு பண்ணுவீர்களே, அந்தப் பழக்கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாம் நானா என்று கூப்பிடுகிறவர், விஷயம் கேள்விப்பட்டு, திகனையில் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து போத்தலில் ஈ கொண்டுவந்து தந்தார். முழு வளர்ச்சி வந்ததும் அவளைச் செவ்வரத்தைச் செடியில் வலைக்குள் விட்டேன். மூன்றாம் நாள் வலைக்கு வெளியே ஒல்லியாக, காய்ந்த குச்சி நிறத்தில் ஒருத்தன் வந்து காத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வயிறு நிறைய அந்துப்பூச்சி போட்ட பிறகுதான் அவனை உள்ளே விட்டேன். தின்னவில்லை. "பாத்தீங்களா, சாப்பாடு ஒழுங்காக் கெடச்சா எந்தப் பொம்பளையும் புருசனத் திங்க மாட்டா" என்று உங்கள் தம்பியிடம் சொன்னேன். அன்றைக்குச் சமையல் அவருடையது. சமையலறை ஜன்னல் கட்டையிலேயே முட்டைக்கூடு வைத்தாள். வைத்து மூன்று கிழமையில் போய்ச் சேர்ந்தாள்.

கூடு போன புதன்கிழமை வெடித்தது. அறுபதுக்கு மேல். வியாழக்கிழமை புகை வந்தது.

பார்த்தீர்களா கணக்கை? குஞ்சு பொரித்தால் இரண்டு நாள் பசி பொறுக்கும், அதற்கு மேல் ஒன்றையொன்று தின்னும் என்று உங்களுக்குத் தெரியும். கொல்லை முழுக்க மருந்து. வெளியே விட்டாலும் சாவு, உள்ளே பிடித்துப் போட்டாலும் சாவு. மெஷின்காரர்கள் வாசலுக்கு வந்து ஜன்னல் கதவெல்லாம் திறக்கச் சொன்னார்கள். நான் சமையலறை வாசலில் குறுக்கே நின்றேன்.

"கொல்லை, தண்ணிக் கான், கூரை, மத்த அறை, எங்க வேணும்னாலும் அடிங்க. இந்த ஒரு அறைக்குள்ள மட்டும் வேணாம்."

"உள்ள கொசு இருந்தா என்ன செய்யறது அக்கா?" என்று இரண்டு பேரில் மூத்தவர் கேட்டார்.

"டெங்குல இந்த வீட்டுல ஒருத்தரப் பறிகொடுத்தவ நான். கொசுவ வளப்பேனா? வந்து பாருங்க. ஒரு கொசு காட்டுங்க, நானே அந்த மெஷினத் தூக்குறேன்."

வந்து பார்த்தார். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஜன்னல் கட்டையில் அறுபது சோடிப் பொடிக்கைகள் அவரைப் பார்த்துத் தூக்கி நின்றன. "கும்பிடுதுகளே" என்று சிரித்தார். "கும்பிடல, அண்ணே" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அடியிடுக்கில் தானே ஒரு சாக்கை வைத்து அடைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

வெள்ளி பின்னேரம் ஒன்று இன்னொன்றைப் பிடித்துத் தின்பதைப் பார்த்தேன். உங்கள் தம்பி, "போனா போகுது, நீ செய்யறதச் செஞ்சுட்டே" என்றார். ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் மயங்கின ஈக்கள் அன்றைக்குப் போலவே கிடந்தன. விரலை நீட்டினால் போதும். நான் தும்புத்தடியை எடுத்து எல்லாவற்றையும் கூட்டி, காகிதத்தில் மடித்து எரித்தேன்.

சனிக்கிழமை வேலைக்கு வரவில்லை என்று நான் வேலை பார்க்கும் கடைக்குச் சொல்லிவிட்டு, வலையும் நான்கு போத்தலும் எடுத்துக்கொண்டு திகனை பஸ்ஸில் ஏறினேன். நானா முதல் நாளே வீட்டுக்குச் சொல்லியிருந்தார். "எங்கட ஊட்டுக் கொய்யா மரத்துக்குக் கீழ வேணுமான மட்டும் ஈ இரிக்கி தங்கச்சி. எங்கட பக்கம் மருந்து அடிக்கவும் இல்ல" என்றிருந்தார். விழுந்து வெடித்த கொய்யாப்பழம் முழுக்க ஈ மொய்த்துக் கிடந்தது. மடக்கென்று வலையைப் போட்டேன். என் நிழல் பழத்தைத் தொடுவதற்கு முன்னமே மொத்தமும் எழும்பிப் போய்விட்டது. வலைக்குள் ஒன்றும் இல்லை.

இரண்டாம் தரமும் ஒன்றும் இல்லை. மூன்றாம் தரம் சேற்றில் சறுக்கி முழங்கால் உரிந்தது. குசினி வாசலில் நின்ற நானாவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருத்தி, மூக்கில் கொய்யா அப்ப, பழ ஈயைத் துரத்திக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? நானும் சிரித்தேன். ஒவ்வொன்றும் கையிலிருந்து நழுவி நழுவிப் போகப் போக எனக்கு நெஞ்சு நிறைந்துகொண்டே வந்தது. ஓடுங்கள், இன்னும் ஓடுங்கள் என்று சொல்லிக்கொண்டே துரத்தினேன். நான்கு போத்தல் நிறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் போத்தலைப் பார்த்து, "என்ன தங்கச்சி, ஈயா?" என்று தள்ளி உட்கார்ந்தார். "ஓம், நல்ல ஈ" என்றேன். சீட் முழுக்க எனக்குத்தான்.

நேற்றுப் பின்னேரம் போட்டேன். இன்று காலையில் எண்ணினேன். நாற்பத்தொன்பது. எல்லாம் நிற்கின்றன, எல்லாம் கை தூக்குகின்றன. இவற்றை ஏன் வளர்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் காரணம் சொல்வதை விட்டுவிட்டேன். வளர்க்கிறேன். அவ்வளவுதான்.

முழங்கால் இன்னும் எரிகிறது. மருந்து போடவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்தவை அத்தனையும் இப்படித்தான் வந்தன, மதினி, திட்டாக, சண்டையாக, இரண்டு நாள் பேசாத முகமாக. அன்றைக்குச் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே நான் மறந்தது பூச்சியின் சட்டத்தை மட்டுமல்ல, உங்களையும்தான். சும்மா கைக்கு வந்ததை நீங்கள் அனுப்பியதென்று இனி ஒருநாளும் நினைக்கமாட்டேன். நீங்கள் அனுப்பினால் அது என்னை ஓடவைத்துத்தான் வரும்.